பெரிய டிஷ்ஷுக்கு மோட்டார்: ஒயரிங்கும் கோளாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் ஆறடி, எட்டடி, பத்தடி சி-பேண்ட் டிஷ்ஷை நிறுத்தி, 36 வோல்ட் ஆக்சுவேட்டரால் (மோட்டாரால் நீண்டு மடங்கி டிஷ்ஷைத் தள்ளும் ராடு) கிழக்கும் மேற்குமாக நகர்த்திப் பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டு மாடியை மனதில் வைத்துச் சொன்னவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆக்சுவேட்டருக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ராடை நீட்டுவது, மடக்குவது ஒன்று. எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணுவது இன்னொன்று. கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பிரிக்காமலேயே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறுபவர்கள்தான் அதிகம்.

சின்ன டிஷ்ஷுக்கு வரும் மோட்டாரையே பெரிய டிஷ்ஷுக்கும் போடக் கூடாதா?

கூடாது. ரிசீவரிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளிலேயே 13/18 வோல்ட் எடுத்து ஓடும் அந்த மோட்டார்கள் பொதுவாக 1.2 மீட்டர் வரையுள்ள டிஷ்ஷுக்கானவை. எட்டடி டிஷ்ஷின் எடையையும் காற்றையும் அதன் கியர் தாங்காது. பெரிய டிஷ்ஷுக்குத் தனி மின்சாரமும் தனி ஒயரும் உள்ள 36 வோல்ட் டிசி ஆக்சுவேட்டர்தான் சரி.

ஆக்சுவேட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே என்னென்ன இருக்கும்?

ஒரு டிசி மோட்டார், பல் சக்கரங்கள், அவை சுற்றும் நீண்ட திருகுத் தண்டு. அந்தத் தண்டு சுற்றச் சுற்றக் குழாய்க்குள்ளிருந்து ராடு வெளியே வரும். பக்கத்திலேயே இரண்டு சின்ன லிமிட் சுவிட்சுகள், ஒவ்வொன்றோடும் ஒரு டயோடு. ராடு ஒரு முனையைத் தொட்டதும் சுவிட்ச் அந்தத் திசை மின்சாரத்தை வெட்டிவிடும்; டயோடு எதிர்த்திசைக்கு மட்டும் வழிவிடும். கடைசியாக, காந்தம் பதித்த ஒரு சிறு சக்கரமும் அதன் எதிரே ஒரு ரீட் சுவிட்சும். ரீட் சுவிட்ச் என்பது கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் அருகே வந்தால் அவை ஒட்டும், விலகினால் பிரியும். ஒவ்வொரு முறை ஒட்டுவதையும் பொசிஷனர், அதாவது கீழே இருந்து டிஷ்ஷை நகர்த்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரு எண்ணிக்கையாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. டிஷ் எங்கே பார்க்கிறது என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. எண்ணிக்கையை வைத்துத்தான் தெரியும்.

எந்த ஒயர் எங்கே போக வேண்டும்?

பொசிஷனரின் பின்புறம் எம்1, எம்2 என்று இரண்டு முனைகள் மோட்டாருக்கு. எஸ்1, எஸ்2 என்று இரண்டு சென்சாருக்கு. சிலவற்றில் ஷீல்டுக்கு (ஒயரைச் சுற்றி வரும் உலோக உறை) ஐந்தாவதாக ஒன்றும் இருக்கும். ரீட் சென்சாராக இருந்தால் எஸ்1, எஸ்2 மாறினாலும் ஒன்றும் ஆகாது. மோட்டார் ஒயர் மாறினால் டிஷ் எதிர்ப்பக்கம் போகும், அவ்வளவுதான். மாற்றிப் போட்டால் சரி. சென்சார் ஒயரைக் கொண்டுபோய் மோட்டார் முனையில் திருகுவதுதான் ஆபத்து. 36 வோல்ட் நேராக ரீட் வழியே பாய்ந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது. இணைப்புக் கொடுக்கும் முன் மாடியிலும் கீழேயும் ஒயர்களுக்கு ஒரே நிற டேப் சுற்றி வையுங்கள்.

என்ன கேபிள் போடலாம்?

மோட்டாருக்கும் சென்சாருக்கும் தேவை வேறு வேறு. மோட்டாருக்குத் தடிமன் வேண்டும், சென்சாருக்கு ஷீல்டு வேண்டும்.

தடிமன் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. பொசிஷனரிலிருந்து டிஷ் வரை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 60 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்எம் ஒயரானால் அதன் தடை சுமார் 1 ஓம். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அரை ஸ்கொயர் ஒயரானால் 6 வோல்ட் போகும். கிளம்பும்போது மோட்டார் இன்னும் அதிகம் இழுக்கும் என்பதால், டிஷ் பளு ஏறும் பக்கத்தில் திணறி நின்றுவிடும். 2.5 ஸ்கொயரில் இழப்பு ஒன்றேகால் வோல்ட்தான்.

போர்வெல் மோட்டாருக்கு விற்கும் சப்மெர்சிபிள் ஃப்ளாட் கேபிள் இதற்கு அருமையாகப் பொருந்தும். தடிமனான செம்பு, தண்ணீருக்கு அசையாத உறை. சென்சாருக்கு சிசிடிவிக்குப் போடும் 3+1 கேபிள் போதும். ஆனால் அதே 3+1-லேயே மோட்டாரையும் ஓட்டப் பார்க்காதீர்கள். அதிலுள்ள பவர் ஒயர் முடி போல மெல்லியது, பலவற்றில் செம்பே முழுதாக இல்லை. ஷீல்டைப் பொசிஷனர் முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்து, மாடி முனையில் வெட்டி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஷீல்டே இரைச்சலை ஏந்திவரும்.

என் ஆக்சுவேட்டரில் சென்சாருக்கு மூன்று ஒயர் வருகிறதே?

அப்படியானால் அது பெரும்பாலும் ஹால் சென்சார், காந்தத்தை உணரும் சின்ன எலக்ட்ரானிக் பாகம். ரீட் போல வெறும் சுவிட்ச் இல்லை. அதற்குச் சப்ளை வேண்டும், பெரும்பாலும் 5 வோல்ட். ஒன்று பிளஸ், ஒன்று கிரவுண்ட், ஒன்று சிக்னல். மாற்றிக் கொடுத்தால் போய்விடும். இரண்டே சென்சார் முனை உள்ள பொசிஷனரோடு அதைச் சேர்க்கத் தனிச் சப்ளை, ரெசிஸ்டர் என்று வேலை நீளும். அதற்குப் பதில் காந்தச் சக்கரத்தின் எதிரே ஒரு ரீட் சுவிட்சைப் பொருத்திவிடுவது சுலபம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ரீட்டின் கம்பிக் காலை வளைக்கும்போது கண்ணாடி விரிசல் விடும், எனவே கண்ணாடிக்கு அருகில் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கத்தை மட்டும் வளையுங்கள்.

டைசெக் சுவிட்ச், எல்என்பி, பொசிஷனர்: எது முன்னே, எது பின்னே?

ரிசீவர், அடுத்து பொசிஷனர், அடுத்து சுவிட்ச், கடைசியில் எல்என்பி (டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் கருவி). டைசெக் என்பது ரிசீவர் கோஆக்ஸ் வழியே கட்டளை அனுப்பும் முறை. வி-பாக்ஸ் போன்ற பொசிஷனர்கள் ரிசீவரின் டைசெக் 1.2 கட்டளையைக் கோஆக்ஸிலேயே படித்துக்கொள்ளும். சுவிட்சுக்குப் பின்னால் வைத்தால் கட்டளை சில நேரம் போகும், சில நேரம் போகாது.

டிஷ் சில வினாடி நகர்ந்து தானாகவே நின்றுவிடுகிறது, திரையில் எரர் வருகிறது. மோட்டார் போய்விட்டதா?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலும் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: மோட்டார் நன்றாக இருக்கிறது, எண்ணிக்கை வரவில்லை. பொசிஷனர் மின்சாரம் கொடுத்துவிட்டுச் சில வினாடி காத்திருக்கும். சென்சாரிலிருந்து துடிப்பு வராவிட்டால், ராடு எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். உங்கள் கண் முன்னே டிஷ் நகர்ந்தது என்பதே மோட்டாருக்குச் சான்றிதழ்.

இனி எண்ணும் பக்கத்தை மட்டும் பாருங்கள். பொசிஷனரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு நான்கு ஒயரையும் கழற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். மோட்டார் ஒயரில் ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து அந்தப் பேட்டரியைக் கொடுங்கள். 36 வோல்ட் மோட்டார் 12-இல் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நிதானமாக ஓடும், சோதிக்க அதுதான் வசதி. (பேட்டரிக்கு லிமிட் சுவிட்ச் தெரியும், பொசிஷனரில் நீங்கள் போட்ட எல்லை தெரியாது. கண் ராடிலேயே இருக்கட்டும்.) சென்சார் ஒயர் இரண்டிலும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் பீப் நிலையில் வையுங்கள். ராடு நகரும்போது பீப், அமைதி, பீப், அமைதி என்று ஒரே சீராக மாறி மாறி வர வேண்டும்.

பீப்பே இல்லையென்றால் மாடிக்குப் போய் ஆக்சுவேட்டர் முனையிலேயே அளந்து பாருங்கள். அங்கே வருகிறது, கீழே வரவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது; அணில் கடித்த இடத்தைத் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் ரீட் போயிருக்கிறது, அல்லது காந்தச் சக்கரம் தண்டோடு சுற்றாமல் வழுக்குகிறது, அல்லது ரீட் சற்றுத் தள்ளி நகர்ந்துவிட்டது. ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் எடுத்து ரீட்டின் அருகே கொண்டுபோனால் பீப் அடிக்கிறதா என்று பார்த்தால் ரீட் போனதா இல்லையா என்று தெரிந்துவிடும். விடாமல் பீப் அடித்துக்கொண்டே இருந்தால் ரீட் ஒட்டிக்கொண்டது, இல்லையேல் கேபிளில் இரண்டு ஒயரும் உரசுகின்றன.

ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வர மறுக்கிறது.

முதலில் பொசிஷனரிலும் ரிசீவரிலும் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்று ஏதாவது போட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவே காரணமாக இருப்பது அதிகம். இல்லையென்றால் எம்1, எம்2 ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றிய பிறகும் டிஷ் அதே திசைக்குத்தான் போகிறது என்றால் கோளாறு மாடியில்: லிமிட் சுவிட்ச் விடுபடவில்லை, அல்லது அதன் டயோடு திறந்துபோயிற்று. இப்போது மறுதிசைக்குப் போகிறது என்றால் கோளாறு பொசிஷனருக்குள் இருக்கும் ரிலேயில்.

மீட்டரால் உறுதிசெய்ய: ராடு நடுவில் இருக்கும்போது மோட்டார் முனைகளில் சில ஓம் காட்டும், மீட்டர் முனைகளை மாற்றி வைத்தாலும் அதேதான். லிமிட்டில் நிற்கும்போது ஓம் நிலையில் எதுவும் காட்டாமல் போகலாம், பயப்பட வேண்டாம். டயோடு நிலைக்கு மாற்றினால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறுபக்கம் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் டயோடு அவுட்.

எந்தப் பக்கமும் அசையவே இல்லை.

கீழே பொசிஷனரின் மோட்டார் முனையில், பட்டனை அழுத்தியபடியே வோல்ட் பாருங்கள். 36-ஐ ஒட்டி வராவிட்டால் ஃபியூஸ். போன ஃபியூஸுக்குப் பதில் ஒயர் இழையைச் சுற்றிவிடும் பழக்கம் இங்கே உண்டு. அப்படிச் செய்தால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். கீழே வருகிறது, மாடியில் வரவில்லை என்றால் கேபிள். மாடியிலும் முழுதாக வருகிறது, சத்தமே இல்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். உறுமல் கேட்டு ராடு அசையாவிட்டால் துரு, அல்லது ராடு முனையின் உருண்டை மூட்டு இறுகிவிட்டது.

ராடைக் கழற்றும் முன் ஒரு விஷயம். எட்டடி டிஷ்ஷைக் கிழக்கிலோ மேற்கிலோ சாயவிடாமல் பிடித்திருப்பது அந்த ஒரு ராடுதான். போல்ட்டை உருவியதும் முழு டிஷ்ஷும் ஒரு பக்கமாகச் சரசரவென்று சாயும். அந்தப் பக்கம் நிற்பவர் கதி அதோகதி. இரண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டி, கூட ஒருவரை நிறுத்திக்கொண்டுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.

சேமித்து வைத்த சாட்டிலைட் இடங்கள் நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகின்றன.

எண்ணிக்கை விடுபடுகிறது, அல்லது கூடுதலாகச் சேருகிறது. எல்லா சாட்டிலைட்டும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தால் இதுதான். எட்டடி டிஷ்ஷின் பார்வை அகலம் 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 டிகிரிதான், பத்தடியானால் இன்னும் குறுகல். 74, 76.5, 78.5 டிகிரி கிழக்கு என்று நெருக்கமாக நிற்கும் வரிசையில் ஒரு டிகிரி பிசகினாலே படம் போய்விடும்.

சென்சார் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே குழாயில் ஒட்டி வந்தால் மோட்டாரின் இரைச்சல் பொய்த் துடிப்பாக எண்ணப்படும். ஷீல்டைச் சரிசெய்தும் போகவில்லையென்றால் பொசிஷனரின் எஸ்1, எஸ்2 முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். ஒயரிங் எல்லாம் சரி, இன்னும் விலகுகிறது என்றால் டிஷ்ஷைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ராடு அசையாமலே டிஷ் ஆடினால் கிளாம்ப் லூஸ், அல்லது மூட்டு போல்ட் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. அதற்கு எந்தப் பொசிஷனரும் மருந்தில்லை.

நடுவில் உள்ள சாட்டிலைட் நன்றாக வருகிறது, ஓரத்தில் உள்ளவை வரவில்லை. மோட்டார் காரணமா?

மோட்டார் இல்லை, மவுண்ட். போலார் மவுண்டின் (ஒரே அச்சில் சுழன்று சாட்டிலைட் வரிசையைத் தொடரும் தாங்கி) அச்சு உங்கள் ஊர் அட்சரேகைக்குச் சமமாகச் சாய வேண்டும், அதற்கு மேல் ஒரு சிறு கூடுதல் சாய்வு டிஷ்ஷுக்கு வேண்டும். சென்னைக்கு அச்சு 13.1 டிகிரி, கூடுதல் 2.3. மதுரைக்கு 9.9, கூடுதல் 1.75. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நம் ஊர் அச்சு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். வெளிநாட்டு வீடியோவில் நிமிர்ந்து நிற்கும் மவுண்டைப் பார்த்து அதேபோல வைத்தால் ஒன்றும் கிடைக்காது.

இரண்டு ஓரத்திலும் டிஷ்ஷை ஒரே பக்கமாக, மேலே அல்லது கீழே, தூக்கினால் சிக்னல் ஏறுகிறது என்றால் சாய்வுக் கோணம் தப்பு. ஒரு ஓரத்தில் மேலே, மறு ஓரத்தில் கீழே என்றால் மவுண்ட் நேர் தெற்கைப் பார்க்கவில்லை, அல்லது கம்பம் செங்குத்தாக இல்லை. திசைக்கு மொபைல் காம்பஸை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் தூக்குக்குண்டின் நிழல் விழும் கோடுதான் துல்லியமான வடக்கு-தெற்கு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மட்டும் இது உதவாது. சென்னையில் அப்போது சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும், நிழலே விழாது.

எத்தனை அங்குல ராடு வாங்கலாம்?

எட்டடிக்கு 18 அங்குலம் போதும். பத்தடிக்கு மேல் 24. இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. சென்னையிலிருந்து 66 டிகிரி கிழக்கிலிருந்து 105.5 வரை பார்க்க வேண்டுமானால் தீர்க்கரேகையில் வித்தியாசம் 39.5 டிகிரி, ஆனால் மவுண்ட் சுற்ற வேண்டியது சுமார் 46 டிகிரி. சாட்டிலைட்டுகள் பூமியின் மையத்துக்கு இருப்பதைவிட நமக்கு அருகில் இருப்பதால் வரும் கூடுதல் அது. அதையும் சேர்த்துத்தான் ராடின் பிடி எங்கே வர வேண்டும் என்று பார்க்க வேண்டும். ராடும் டிஷ்ஷின் கீலும் ஒரே கோட்டுக்கு வரும் அளவுக்கு நீட்டிவிடாதீர்கள். அந்த இடத்தில் ராடு தள்ளினாலும் டிஷ் சுற்றாது, வளையத்தான் செய்யும்.

யுசால்ஸ் போட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்கிறார்களே?

ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் கோணத்தைத் தானே கணக்கிடும் முறை அது. கோண அளவில் சுழலும் மோட்டாருக்கு நன்றாக வேலை செய்யும். நீளும் ராடில் ஓர் அங்குலம் எல்லா இடத்திலும் ஒரே கோணம் இல்லை, எனவே அதை நம்பாமல் டைசெக் 1.2-இல் ஒவ்வொரு சாட்டிலைட்டையும் கையால் பிடித்துச் சேமியுங்கள். சேமிக்கும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் பல் சக்கர இடைவெளியால் வரும் பிசகும் குறையும்.

மழைக்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

ஆக்சுவேட்டரின் எதிரி நீர்தான். மோட்டார் மூடியிலும் குழாயிலும் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். துளையை நீங்களே சிலிகான் வைத்து அடைப்பது அதைவிட மோசம், உள்ளே வியர்க்கும் நீர் வெளியே போக வழியில்லாமல் நிற்கும். ராடின் மேல் வரும் ரப்பர் மடிப்புறை வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள். திருகுத் தண்டுக்கு லித்தியம் கிரீஸ் போதும், பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம்.

புயல், இடி?

காற்று நேராக வந்து அறைந்தால் எட்டடி மூடிய டிஷ்ஷின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 200 கிலோவுக்கு மேல் விசை விழும். வலை டிஷ்ஷில் இது குறையும். புயல் அறிவிப்பு வந்தால் டிஷ்ஷை நேர் தெற்குக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சென்னையில் அந்த நிலையில் அது சுமார் 75 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். காற்றுக்குக் கிடைக்கும் பரப்பு குறைவு. கயிறும் கட்டுங்கள். இடி என்றால் கோஆக்ஸையும் நான்கு ஒயரையும் பொசிஷனரிலிருந்து உருவிவிடுங்கள், பிளக்கை எடுத்தால் மட்டும் போதாது. கம்பத்துக்குத் தனி எர்த் கட்டாயம்.

எல்லாம் சரியாக நகர்கிறது, ஆனால் சிக்னல் இல்லை.

மோட்டாரை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவைக்கு ஏலத்தில் விடப்பட்ட அலைவரிசைகளில் 3300–3670 மெகாஹெர்ட்ஸும் ஒன்று. சி-பேண்ட் எல்என்பி பிடிப்பது 3400-இலிருந்து, அல்லது 3700-இலிருந்து 4200 வரை. பக்கத்து மாடியில் டவர் இருந்தால் டிஷ் சரியாகவே நின்றாலும் எல்என்பி திணறிப்போகும். 3700-க்குக் கீழே வெட்டும் ஃபில்டர் உள்ள எல்என்பியாக மாற்றினால் பலருக்குத் தீர்கிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் பகலில் சில நிமிடம் மட்டும் படம் உடைந்தால், அது சாட்டிலைட்டின் பின்னால் சூரியன் கடப்பது. ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் வேறு நேரம். சில நாளில் தானாகப் போய்விடும்.

பொசிஷனர் இல்லாமல் ஓட்ட முடியுமா?

முடியும். 36 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (டிசி பவர் சப்ளை) ஒன்று, நடுவில் ஆஃப் உள்ள ஆறுமுனை டபுள் போல் சுவிட்ச் ஒன்று. நடு முனைகள் மோட்டாருக்கு, ஒரு ஓர முனைகள் சப்ளைக்கு, மறு ஓரத்துக்குக் குறுக்காக ஒயர். சப்ளை ஒயரில் ஃபியூஸ் மறக்காதீர்கள். சிக்னல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கையால் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று சாட்டிலைட் மட்டும் பார்ப்பவருக்கு இதுவே தாராளம், என் ஓட்டும் இதற்குத்தான்.

பழைய ஆக்சுவேட்டர் வாங்கலாமா?

கேபிள் ஆபரேட்டர்கள் கழற்றிப் போட்ட டிஷ்ஷோடு சில நேரம் கிடைக்கும், வாங்கலாம். 12 வோல்ட் பேட்டரியும் மீட்டரும் எடுத்துக்கொண்டு போங்கள். ராடை முழுதாக நீட்டி முழுதாக மடக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் தானாக நிற்க வேண்டும், வழியெல்லாம் பீப் சீராக வர வேண்டும். முழு நீட்டலில் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். ரீட் மட்டும் போயிருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்குங்கள்.